ஃப்யூயல் பம்புக்கு எத்தனை ஆம்பியர் ஃபியூஸ்? ஒயரைக் கேளுங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: கார்புரேட்டர் வண்டியை இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றிவிட்டீர்கள், டேங்குக்குள் ஹை பிரஷர் பம்பு இறங்கிவிட்டது, இனி அதற்குக் கரண்ட் கொடுக்க வேண்டும். ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், சின்னக் கரண்ட்டை வைத்துப் பெரிய கரண்ட்டை இயக்குகிற சுவிட்சான ரிலே எது, ஒயர் எவ்வளவு தடிமன், பழைய சின்ன பம்புக்கு ஓடிக்கொண்டிருந்த ஒயரையே இதற்கும் வைத்துக்கொள்ளலாமா என்பது கேள்வி. கூடவே, 'எதற்கும் 30 ஆம்பியர் போட்டுவிடு, வழியில் நிற்காது' என்று நண்பர் ஒருவர் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்த 30 ஆம்பியரிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் அதைத்தான் செய்தேன். பழைய வண்டி ஒன்றில் 1 சதுர மில்லிமீட்டர் ஒயரை வைத்தே புதுப் பம்பை ஓட்டினேன், ஃபியூஸ் பச்சை நிற 30. பல மாதம் நிறுத்தி வைத்திருந்த வண்டி அது. ஒரு நாள் சாவியைத் திருப்பினால் பம்பு சத்தமே இல்லை. இக்னிஷனை ஆன் செய்தபடியே விட்டுவிட்டு ஃபியூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. ரிலேயைத் தொட்டேன், வேலை செய்துகொண்டிருந்தது. இரண்டு மூன்று நிமிடம் போயிருக்கும், பின் சீட்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் வேகும் வாசனை. கார்பெட்டைத் தூக்கினால் ஒயரின் மேல்தோல் பளபளவென்று மினுங்குகிறது, விரல் வைத்தால் பிசின் மாதிரி ஒட்டுகிறது. டேங்கில் இருந்த துரு உள்ளே போய் பம்பு இறுகிவிட்டிருந்தது. சுற்றாமல் நிற்கிற மோட்டார் சும்மா இருக்காது, காயிலின் மின்தடை மட்டும்தானே தடுக்கிறது, அதனால் 20 ஆம்பியரைத் தாண்டி இழுத்துக்கொண்டே இருக்கும். 25 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 30 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, நாள் முழுக்க விட்டாலும் போகாது. ஆனால் அந்த 25 ஆம்பியர் 1 சதுர மி.மீ. ஒயரில் ஓடினால் ஒவ்வொரு மீட்டரிலும் பதினோரு வாட்டுக்கு மேல் சூடு, அதுவும் கார்பெட்டுக்கு அடியில், காற்றுப் படாத இடத்தில். அங்கே 15 ஆம்பியர் ஃபியூஸ் இருந்திருந்தால் ஒரு நிமிடத்துக்குள் போயிருக்கும், எனக்கு ஒரு நீலத் துண்டு மட்டும்தான் நஷ்டம்.

ஃபியூஸ் பம்பைக் காப்பாற்றுவதற்கு இல்லை, ஒயரைக் காப்பாற்றுவதற்கு. இது புரிந்தால் மற்ற எல்லாக் கணக்கும் தானாக வரிசைக்கு வந்துவிடும்: முதலில் பம்பு எவ்வளவு இழுக்கிறது, அதற்கு எந்த ஒயர், அந்த ஒயருக்குள் அடங்குகிற ஃபியூஸ், கடைசியாக ரிலே. நிறையப் பேர் ரிலேயில் ஆரம்பித்து, ஒயரைக் கையில் கிடைத்ததில் முடித்துவிடுகிறார்கள்.

பம்பு எவ்வளவு இழுக்கும் என்பது அதன் மேல் இருக்கிற அழுத்தத்தைப் பொறுத்தது. கார்புரேட்டருக்கான சின்ன பம்பு 4 முதல் 7 பிஎஸ்ஐக்குத்தான் தள்ள வேண்டும், 2 முதல் 4 ஆம்பியரில் வேலை முடிந்துவிடும். இன்ஜெக்‌ஷன் பம்பு 3 பாரில், அதாவது 43 பிஎஸ்ஐ சுமாரில், சாதாரணக் காருக்கு 5 முதல் 8 ஆம்பியர் எடுக்கும். அதிக ஓட்டம் தரும், மணிக்கு 255 லிட்டர் வகை என்றால் 8 முதல் 10, அதற்கும் மேலான பெரிய பம்புகள் 15ஐக்கூடத் தாண்டும். டர்போ இருந்து, அது தள்ளுகிற காற்றின் அழுத்தமான பூஸ்ட் ஏற ஏற எரிபொருள் அழுத்தமும் ஏறுகிற மாதிரி ரெகுலேட்டர் வைத்திருந்தால், ஐடிலில் அளந்த ஆம்பியரை நம்பிவிடாதீர்கள், முழு பூஸ்ட்டில் பம்பு இழுப்பது அதைவிடக் கணிசமாக அதிகம். கணக்கு எப்போதும் அந்த உச்சத்துக்குத்தான் போட வேண்டும். பம்பு தயாரித்தவர்கள் அழுத்தத்துக்கு எதிராக ஆம்பியர் என்று ஒரு வரைபடம் கொடுத்திருந்தால் அதைப் பாருங்கள், இல்லையென்றால் டிசி அளக்கிற கிளாம்ப் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி அளந்துவிடுங்கள். நீங்கள் சொல்கிற பம்புக்கு 9 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

இப்போது ஒயர். இங்கேதான் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். ஒயர் சூடாகாமல் இருந்தால் போதும் என்று பார்த்தால் 9 ஆம்பியருக்கு 1 சதுர மி.மீ.கூடத் தாங்கும். ஆனால் பம்புக்கு அது போதாது, ஏனென்றால் வழியில் வோல்ட்டேஜ் கரைகிறது. 1 சதுர மி.மீ. செம்பு ஒயருக்கு மீட்டருக்கு சுமார் 18.5 மில்லி ஓம், இரண்டரைக்கு 7.6, நாலுக்கு 4.7. பேட்டரி முன்னால், டேங்க் பின்னால் என்றால் ஒயர் போகும் வழி, வளைவு நெளிவு எல்லாம் சேர்த்து 6 மீட்டர் வரும். நேர்க்கோட்டில் அளக்காதீர்கள், ஒரு கயிற்றை ஒயர் போகிற வழியிலேயே விட்டு அளந்து பாருங்கள், ஆச்சரியமாக இருக்கும். 6 மீட்டர், 9 ஆம்பியர்: ஒன்றில் போனால் 1 வோல்ட் காணாமல் போகும், இரண்டரையில் 0.4, நாலில் கால் வோல்ட். இதெல்லாம் 20 டிகிரியில் உள்ள கணக்கு. ஒயர் 70 டிகிரிக்கு வந்தால் மின்தடை ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும்.

ஒரு வோல்ட்தானே என்று தோன்றும். ஹெட்லைட் என்றால் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். பம்பு விஷயம் வேறு, அது எதிர் அழுத்தத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு சுற்றுகிறது, வேகம் கொஞ்சம் குறைந்தாலும் வெளியே வரும் ஓட்டம் அதைவிட அதிகமாகக் குறையும். 3 பார் அழுத்தத்தில் ஒரு வோல்ட் குறைந்தால் ஓட்டத்தில் பத்து சதவீதம்கூடப் போய்விடலாம். ஐடிலில் ஒன்றும் தெரியாது, மேட்டில் முழு ஆக்ஸிலரேட்டரில் ஏறும்போது எரிபொருள் பற்றாமல் என்ஜின் திணறும். பிறகு 'பம்பு டூப்ளிகேட்' என்று பம்பு விற்றவரைத் திட்டுவோம். உங்கள் பம்புக்கு இரண்டரை என்பது குறைந்தபட்சம், நான் என்றால் கேள்வியே இல்லாமல் 4 போட்டுவிடுவேன், விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது, ஒரே ஒரு முறை இழுக்கிற ஒயர்தானே. அமெரிக்க கேஜ் (AWG) எண்ணில் விற்கும் ஒயர் என்றால் 14 கேஜ் இரண்டு சதுர மி.மீ.க்குக் கொஞ்சம் மேல், 12 கேஜ் 3.3, எண் குறையக் குறைய ஒயர் தடிமனாகும் என்பதை மறக்க வேண்டாம்.

தடிமனைப் போலவே இன்னொன்றையும் பாருங்கள். நுனியை ஒரு அங்குலம் உரித்து, பிளேடால் ஒரு இழையைச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் மேலே செம்புப் பூச்சு போட்ட அலுமினியம். நல்ல வெள்ளீயப் பூச்சு ஒயர் இதற்கு நேர் எதிர், வெளியே வெள்ளி, சுரண்டினால் செம்பு. அலுமினிய ஒயர் ஆடியோ ஆம்ப் ஒயர் என்ற பெயரில் நிறைய வருகிறது, மேல்தோலைத் தடிமனாகப் போட்டு ஏமாற்றுவார்கள், அதே தடிமன் செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குகூடக் கடத்தாது, ஈரம் பட்டால் ஒயர் நுனியில் மாட்டுகிற லக்குக்குள்ளேயே பொடியாகிப் போகும். பம்புக்கு வேண்டாம். மேல்தோல் வாகனத்துக்கானதாக இருக்கட்டும், என்ஜின் பக்கம் போகிற பகுதிக்கு 125 டிகிரி தாங்கும் கிராஸ் லிங்க்டு வகை நல்லது. வீட்டுச் சுவருக்குள் போடுகிற ஒற்றை முரட்டுக் கம்பி ஒயரை யாரும் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள், அதிர்வில் முறிந்துவிடும்.

பழைய ஒயரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, அதற்கு இப்போது வேறு வேலை இருக்கிறது. ரிலேக்குள் சுவிட்சை இழுக்கிற மின்காந்தச் சுருளான காயிலுக்கு மட்டும் அது கரண்ட் கொடுக்கட்டும். காயிலுக்கு 150 மில்லி ஆம்பியர் போதும், எவ்வளவு மெல்லிய ஒயரும் அதைக் கொண்டுபோகும். பம்புக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாகப் புது ஒயரில் நேராகப் போகட்டும்.

இனி ஃபியூஸ். பொதுவான பழக்கம், தொடர்ந்து ஓடுகிற கரண்ட் ஃபியூஸ் மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது. 9ஐ 0.75ஆல் வகுத்தால் 12, அதற்கு அடுத்து கிடைப்பது 15. உங்களுக்கு நீல நிற 15 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ், விஷயம் முடிந்தது. 10 போட்டால் உடனே போகாது, ஆனால் அதன் எல்லையிலேயே எப்போதும் சூடாக உட்கார்ந்திருக்கும், என்ஜின் அறை வெப்பமும் சேர்ந்தால் எங்கேயாவது நடுவழியில் காரணமே இல்லாமல் போகும். பிளேடு ஃபியூஸ் நாம் நினைக்கிற மாதிரி 15ஐத் தாண்டியவுடன் பட்டென்று போகிற சாமான் இல்லை. 110 சதவீதத்தில் 100 மணி நேரம் தாங்க வேண்டும் என்பதே அதற்கான விதி. 135 சதவீதத்தில் பத்து நிமிடம் வரை தாங்கலாம், இரண்டு மடங்கு ஓடினால்தான் ஐந்து விநாடிக்குள் போகும். இதனால் இரண்டு விளைவு. பம்பு கிளம்பும்போது கண் இமைக்கிற நேரத்துக்கு இரண்டு மூன்று மடங்கு இழுக்கிறதே என்று பயந்து பெரிய ஃபியூஸ் போட வேண்டாம், அது தாங்கிக்கொள்ளும். அதே சமயம் ஒயர், ஃபியூஸ் மதிப்பைவிட நன்றாகவே அதிகம் தாங்குவதாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஃபியூஸ் யோசித்துக்கொண்டிருக்கிற அந்தப் பத்து நிமிடமும் சூட்டைத் தாங்கப்போவது ஒயர்தான். இரண்டரை, நாலு இரண்டுமே 15 ஆம்பியர் ஃபியூஸுக்குத் தாராளம்.

ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். பம்புக்குப் பக்கத்தில் வைத்தால் வசதியாக இருக்கிறதே என்று சிலர் பின்னால் வைப்பார்கள், அப்படி வைத்தால் பேட்டரியிலிருந்து அதுவரை வருகிற 5 மீட்டர் ஒயரை யார் காப்பது? ஹோல்டர் வாங்கும்போது அதிலிருந்து வெளியே வரும் வாலைப் பாருங்கள், 30 ஆம்பியர் என்று அச்சடித்துவிட்டு நூல் மாதிரி ஒயர் கொடுத்திருப்பார்கள். நாலு சதுர ஒயருக்கு நடுவில் அந்த நூல் வந்தால் இவ்வளவு கணக்கும் வீண். கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் வேண்டாம், ஸ்பிரிங் தளர்ந்து சூடாகும். சூடானால் விட்டுவிட்டு ஆறியதும் தானாகச் சேருகிற பிரேக்கரும் வேண்டாம். பெட்ரோல் பக்கத்தில் ஷார்ட் ஆன ஒயருக்கு மறுபடி மறுபடி உயிர் கொடுக்கிற சாமானை எதற்கு வைக்க வேண்டும்?

ரிலேயைப் பற்றி அதிகம் கவலைப்பட ஒன்றும் இல்லை, கட்டை விரல் தடிமனில் கறுப்புப் பெட்டியாக வருகிற சாதாரண 12 வோல்ட், 30 அல்லது 40 ஆம்பியர் ரிலே போதும். 70 ஆம்பியர் வாங்கினால் பம்பு வேகமாக ஓடாது. ரிலேயின் கால்களில் எண்கள் எழுதியிருக்கும்: 30இல் ஃபியூஸ் வழியாக வரும் பேட்டரி கரண்ட், 87இல் பம்புக்குப் போகும் ஒயர், 85, 86 இரண்டும் காயில். ஐந்து கால் ரிலே கையில் கிடைத்தால் மட்டும் நடுக்காலில் என்ன எழுதியிருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள். சிலவற்றில் அது இன்னொரு 87, சிலவற்றில் 87ஏ. 87ஏ என்பது ரிலே ஓய்வில் இருக்கும்போது சேர்ந்திருக்கிற கால், பம்பு ஒயரைத் தெரியாமல் அதில் செருகிவிட்டால் சாவியைக் கழற்றிக்கொண்டு போன பிறகு பம்பு ஓடிக்கொண்டிருக்கும். நாலு கால் ரிலே வாங்கிவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை.

காயிலை இசியு, அதாவது என்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர், இயக்கப்போகிறது என்பதால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காயிலை நிறுத்தும் நொடியில் அது நூறு வோல்ட்டுக்கு மேல் ஒரு உதை கொடுக்கும். அதை அடக்க ரிலேக்குள்ளேயே ஒரு ரெசிஸ்டரோ, ஒரே திசையில் மட்டும் கரண்ட்டை விடும் டயோடோ இருக்கிற வகையை வாங்குங்கள், பெட்டியின் மேலே வரைந்திருக்கிற சின்னப் படத்தில் காயிலுக்குக் குறுக்கே அது தெரியும். ரெசிஸ்டர் என்றால் காயிலை எந்தப் பக்கம் கொடுத்தாலும் சரி. டயோடு என்றால் 86இல் பாசிட்டிவ், 85இல் இசியு கொடுக்கும் எர்த். மாற்றிக் கொடுத்தால் டயோடு நேர் ஷார்ட், முதல் முறை சாவி திருப்பும்போதே இசியுவின் அந்த வெளியீடு கருகலாம். நான் ரெசிஸ்டர் வகையைத்தான் வாங்குவேன், தவறே செய்ய முடியாத சாமானை வாங்குவதில் என்ன வெட்கம். மாட்டும்போது கால்கள் கீழே பார்க்கட்டும், தண்ணீர் உள்ளே தேங்காது.

எர்த்தை எல்லோரும் கடைசியில், களைத்துப்போன பிறகு செய்வதால் அதுதான் முதலில் பழுதாகிறது. பாசிட்டிவுக்கு நாலு சதுர ஒயர் இழுத்துவிட்டு நெகட்டிவை டேங்க் பக்கத்தில் ஏதோ ஒரு பெயின்ட் அடித்த போல்ட்டில் மாட்டுவார்கள். போகிற கரண்ட் முழுக்கத் திரும்பியும் வர வேண்டும், அதே தடிமன் ஒயரை, முடிந்தவரை குட்டையாக, பாடியில் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை சுரண்டிய இடத்தில் ரிங் லக் போட்டு இறுக்கி, அதற்கு மேல் கிரீஸோ பெயின்ட்டோ அடியுங்கள். பாடியிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு வருகிற பட்டையையும் ஒரு முறை கழற்றிப் பாருங்கள், பழைய வண்டியில் அது பச்சை பூத்திருக்கும்.

இணைப்புகள் எல்லாம் சரியான கருவியால் நசுக்கி இறுக்கி கிரிம்ப் செய்ததாக இருக்கட்டும், மேலே உள்பசை உள்ள சுருங்கும் ஸ்லீவ். சால்டர் வைத்தால் உறுதி என்று நினைக்கிறோம், ஆனால் ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரைக் கம்பியாக்கிவிடும், அது முடிகிற இடத்தில் அதிர்ந்து அதிர்ந்து அறுந்துவிடும். டேங்க் மூடியில் இருக்கிற கனெக்டரைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதிலுள்ள உலோகப் பின்கள் சின்ன பம்புக்கென்று செய்தவை, பெரிய பம்பைப் போட்டதும் அங்கேதான் முதலில் வேகும். ஒரு பின்னில் 0.1 ஓம் தடை வந்துவிட்டால் 9 ஆம்பியரில் 8 வாட், நகம் அளவு பிளாஸ்டிக்குக்குள். கனெக்டரைக் கழற்றி இரண்டு பின்னையும் ஒப்பிடுங்கள், ஒன்று பளபளப்பாகவும் மற்றொன்று தேன் நிறத்தில் பழுத்தும் இருந்தால் அந்தக் கனெக்டரின் ஆயுள் முடிந்தது. டேங்குக்கு உள்ளே போகிற ஒயரில் சாதாரண பிவிசி ஒயரைச் சேர்க்கவே கூடாது, பெட்ரோலில் ஊறி ஊதி, பிறகு கல்லாகி விரிசல் விடும். டெஃப்லான் வகை மேல்தோல் உள்ள, பெட்ரோலில் மூழ்கியிருப்பதற்கென்றே செய்த ஒயர்தான், சுருங்கும் ஸ்லீவும் அதே மாதிரி.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று: விபத்தில் என்ஜின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும். இசியு என்றால் சாவி திருப்பியதும் இரண்டு விநாடி பம்பை ஓட்டிவிட்டு, என்ஜின் சுற்றுகிற சிக்னல் வராவிட்டால் தானாக நிறுத்திவிடும், உங்கள் இசியுவில் அப்படி இருக்கிறதா என்று சாவியைத் திருப்பிக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். காயிலை நேரடியாக இக்னிஷனில் கொடுத்துவிட்டு இதை இழந்துவிடாதீர்கள். இதற்கு மேல் வண்டி மோதினால் துண்டிக்கிற இனர்ஷியா சுவிட்ச் ஒன்றும் வைக்கலாம், ஃபோர்டு கார்களில் பல வருடம் இது இருந்தது. காயில் பக்கம் வைப்பது எளிது, ஆனால் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் காயிலைத் துண்டித்துப் பயன் இல்லை. சுவிட்ச் பம்பின் ஆம்பியரைத் தாங்கும் என்றால் பம்பு ஒயரிலேயே வைப்பதுதான் என் விருப்பம்.

எல்லாம் மாட்டியாயிற்று என்றால் என்ஜினை ஓடவிட்டு மல்டிமீட்டரை எடுங்கள். பேட்டரியில் 14 இருக்கிறது என்றால் பம்பு கனெக்டரில் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே 13.5 வர வேண்டும். குறைந்தால் எங்கே தின்கிறது என்று துண்டு துண்டாகத் தேடுங்கள்: மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறு முனையைப் பம்பு பாசிட்டிவிலும் வைத்தால் அந்தப் பக்கம் தொலைவது தெரியும், நெகட்டிவிலும் அதே மாதிரி. ரிலேயின் 30க்கும் 87க்கும் நடுவே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ரிலேயையோ சாக்கெட்டையோ மாற்றுங்கள். பம்பு ஓடும்போதுதான் அளக்க வேண்டும், கரண்ட் ஓடாத ஒயரில் எல்லாமே நன்றாகத்தான் காட்டும். டேங்க் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு இந்த அளவை எடுக்க வேண்டாம் என்று சொல்லவும் வேண்டுமா!

இவ்வளவும் ஆன் அல்லது ஆஃப் என்று ஓடுகிற சாதாரண பம்புக்கு. பல புது வண்டிகளில் பம்பின் வேகத்தையே ஒரு கன்ட்ரோலர் துடிப்புகளாகக் கொடுத்து மாற்றுகிறது, அந்த ஒயரை எடுத்து ரிலே காயிலில் கொடுத்தால் ரிலே தையல் மெஷின் மாதிரி அடித்துக்கொள்ளும்.

கிளாம்ப் மீட்டர் கையில் இருக்கும்போதே ஐடிலில் பம்பு எத்தனை ஆம்பியர் எடுக்கிறது என்று பார்த்து, ஃபியூஸ் ஹோல்டர் மூடியில் மார்க்கரால் எழுதி வையுங்கள். ஒரு வருடம் கழித்து அதே இடத்தில் ஒன்று ஒன்றரை ஆம்பியர் ஏறியிருந்தால் ஃபில்டர் அடைக்கிறது அல்லது பம்பு தேய்கிறது. ஃபியூஸ் போன பிறகு 15ஐ 20 ஆக்கும் எண்ணம் வந்தால் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள்.